கினியின் செம்மண்ணும் கப்பலேறும் வாய்ப்பும்

கினியின் தலைநகர் கொனாக்ரிக்கு வடக்கே, சாலைவழி சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் ஃப்ரியா என்ற ஊர் இருக்கிறது. 1960இல் ஆப்பிரிக்காவின் முதல் அலுமினா ஆலை அங்கேதான் ஓடத் தொடங்கியது. பிரான்சின் பெஷினே நிறுவனம் தலைமையேற்றுக் கட்டிய ஆலை அது. ஆலையோடு அடுக்குமாடிக் குடியிருப்புகள், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் எழுந்தன. அக்கம்பக்கத்தார் ஃப்ரியாவைச் ‘சின்னப் பாரிஸ்’ என்றே அழைத்தார்கள். மின்சாரமும் குடிநீரும் ஆலையிலிருந்தே ஊருக்கு வந்தன. 2006இல் ஆலை ரஷ்யாவின் ருசால் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2012 ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது, ஆலை மூடப்பட்டது. 2018இல்தான் அது மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் சம்பளம் மட்டுமல்ல, விளக்கும் குழாய்த் தண்ணீரும் அந்த ஊரை விட்டுப் போயின.

கினியின் சுரங்கத் துறையில் உள்ள வாய்ப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருப்பின் அளவிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு ஃப்ரியாவிலிருந்து தொடங்குவதே சரியென்று படுகிறது. ஒரு நாட்டில் கனிமம் இருப்பது ஒரு செய்தி. அதை வைத்து அந்த நாட்டில் என்ன செய்யப்படுகிறது, அது யார் கையில் இருக்கிறது, அந்தக் கை விலகினால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பது வேறு செய்தி. ஃப்ரியா பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இத்தனை காலத்தில் நாட்டில் இரண்டாவது அலுமினா ஆலை ஒன்றுகூட ஓடத் தொடங்கவில்லை. வெட்டி எடுக்கும் பாக்சைட் மட்டும் பல மடங்காகிவிட்டது.

இருப்பின் அளவு மலைக்க வைப்பதுதான். பாக்சைட் என்பது அலுமினியத்தின் தாது, செம்பாறாங்கல் போன்ற சிவந்த மண். உலகில் கணக்கிடப்பட்ட பாக்சைட் இருப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 740 கோடி டன், கினியில் இருக்கிறது. மக்கள்தொகையோ இரண்டு கோடிக்கும் குறைவு. அந்தச் சிவந்த மண் ஆழத்தில் ஒளிந்திருப்பதும் இல்லை. ஃபூத்தா ஜலோன் மேட்டுநிலத்தில் மேலே இறுகிப்போன தட்டையான பாறைவெளிகள் உண்டு. ஃபுலானி மக்கள் அவற்றைப் ‘போவால்’ என்பார்கள். மழைக்காலத்தில் அங்கே புல் முளைக்கும், மாடு மேயும். அந்த வெளியின் மேற்பரப்பை ஒட்டியே பாக்சைட் கிடக்கிறது. குடைந்து இறங்க வேண்டியதில்லை. மேல்மண்ணை நீக்கிவிட்டு அள்ள வேண்டியதுதான்.

அள்ளிய மண் எங்கே விலை பெறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நான்கு அல்லது ஐந்து டன் பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துப் பிரித்தால் இரண்டு டன் அலுமினா கிடைக்கும். அது வெண்ணிறப் பொடி. அந்த இரண்டு டன்னை மின்சாரத்தால் உருக்கிப் பிரித்தால் ஒரு டன் அலுமினியம். அண்மை ஆண்டுகளில் சீனத் துறைமுகத்தில் ஒரு டன் பாக்சைட் 60 முதல் 120 டாலர் வரை விற்றிருக்கிறது. அதிலும் ஒரு பகுதி கப்பல் வாடகைக்கே போகும். ஒரு டன் அலுமினியமோ 2,000 டாலருக்கு மேல். இடையில் ஏறும் மதிப்பு முழுவதும் லாபம் அல்ல. எரிபொருள், மின்சாரம், இயந்திரம், கூலி என்று அதில் பலரின் பங்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பங்குகளே ஒரு நாட்டின் தொழில் வாழ்க்கை. வேதியியல் படித்த இளைஞனுக்கும் கொதிகலன் பராமரிக்கும் மெக்கானிக்குக்கும் வேலை அங்கேதான் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் உடைந்த எஞ்சின் பாகங்களையும் பழைய தகடுகளையும் உருக்கி மணல் அச்சில் ஊற்றிச் சமையல் பானை வார்க்கும் தொழிலாளர்களைக் காணலாம். உலகத்தின் பெரிய பாக்சைட் வயல்களுக்கு நடுவே வாழும் மக்களுக்கு அலுமினியம் வந்து சேரும் வழிகளில் ஒன்று இந்தப் பழைய உலோகம்.

ஏன் இப்படியானது? கதை 1958க்குப் போகிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 28இல், பிரெஞ்சுச் சமூகத்தில் சேர்வதா என்ற வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒரே பிரெஞ்சு ஆட்சிப்பகுதி கினி. நான்கு நாளில், அக்டோபர் 2இல், விடுதலை வந்தது. செகு தூரே தலைமை ஏற்றார். பிரான்ஸ் தன் அதிகாரிகளையும் பணத்தையும் திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்கு முன் கொங்கூரே ஆற்றில் பெரிய அணை கட்டி, அதன் மின்சாரத்தில் அலுமினியம் உருக்கும் திட்டம் ஒன்று இருந்தது. வாக்கெடுப்புக்குப் பின் அந்தத் திட்டத்துக்குப் பணம் இல்லாமல் போனது. 1960களில் கானாவின் வோல்ட்டா ஆற்றில் அக்கொசொம்போ அணை எழுந்தது; அதன் மின்சாரத்தில் அங்கே ஓர் அலுமினிய ஆலை ஓடியது. தன் மண்ணிலேயே பாக்சைட் இருந்தும் கானாவின் ஆலை அலுமினாவை வெளிநாட்டிலிருந்து வாங்கியே ஓடியது. கினியில் அலுமினா இருந்தது, அணை இல்லை. கானாவில் அணை இருந்தது, அலுமினா இல்லை. ஒரே வட்டாரத்தில் இருக்கும் இந்த இரு நாடுகளின் தொழில் ஒன்றோடொன்று சேராமல் போனது அந்தக் காலத்தின் பெரிய இழப்பு என்பேன்.

கொங்கூரேயின் பெரிய அணைகள் கடைசியில் வந்தன, அரை நூற்றாண்டு கழித்து. 240 மெகாவாட் கலேட்டா 2015இல், 450 மெகாவாட் சுவாபிட்டி 2021இல். இரண்டையும் சீன நிறுவனங்கள் கட்டின. சுவாபிட்டி நீர்த்தேக்கத்துக்காக சுமார் 16,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். இப்போது அந்த மின்சாரம் முதலில் வீடுகளுக்கு வேண்டும். மக்களில் பெரும்பகுதிக்கு நிலையான மின் இணைப்பு இல்லாத நாடு இது.

பாக்சைட் ஏற்றுமதியின் பழைய அடித்தளம் 1963இல் உருவான கினி பாக்சைட் கம்பெனி. அதில் 49 விழுக்காடு அரசுடையது. மீதி அல்கோவா, ரியோ டின்டோ முதலியவை சேர்ந்த கூட்டமைப்புடையது. சங்கரெடி சுரங்கத்திலிருந்து கம்சார் துறைமுகம் வரை சுமார் 135 கிலோமீட்டர் ரயில்பாதை. 1973இல் முதல் கப்பல். நாற்பது ஆண்டுகள் நிதானமாக ஓடிய தொழில் அது.

நிதானத்தைக் குலைத்தது கினியில் நடந்த எதுவும் அல்ல. 2014 ஜனவரியில் இந்தோனேசியா சுத்திகரிக்காத தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மலேசியாவின் குவாந்தானில் தோண்டல் தறிகெட்டுப் போய், ஆறும் கடலோரமும் சிவந்தபின் 2016இல் அங்கேயும் வேலை நிறுத்தப்பட்டது. சீனாவின் ஷான்டோங் மாகாணக் கடலோரத்தில் நிற்கும் அலுமினா ஆலைகளுக்கு மண் வேண்டியிருந்தது. சிங்கப்பூரின் வின்னிங் கப்பல் நிறுவனமும், சீன அலுமினியப் பெருநிறுவனம் ஒன்றும், கினியிலேயே போக்குவரத்துத் தொழில் நடத்திய நிறுவனமும் சேர்ந்து எஸ்எம்பி என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஆழ்கடல் துறைமுகம் கட்டக் காத்திருக்கவில்லை. ரியோ நூனெஸ் ஆற்றங்கரையில் பார்ஜுகளில் மண்ணை ஏற்றி, நடுக்கடலில் நங்கூரமிட்ட பெருங்கப்பலுக்கு மிதக்கும் கிரேன்களால் மாற்றினார்கள். 2015இல் இரண்டு கோடி டன் அளவில் இருந்த கினியின் பாக்சைட் ஏற்றுமதி 2024இல் 14 கோடி டன்னைத் தாண்டியது. சீனா இறக்குமதி செய்யும் பாக்சைட்டில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு இன்று கினியிலிருந்து போகிறது.

இந்த வேகத்தை வெற்றி என்று சொல்பவர்கள் போக்கே வட்டாரத்துக்குப் போக வேண்டும். 2017இல் ஏப்ரலிலும் மறுபடி செப்டம்பரிலும் போக்கேயில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: மின்சாரம், தண்ணீர், வேலை. இரவும் பகலும் லாரிகள் ஓடும் செம்மண் சாலையோரத்தில் முந்திரி இலைகளில் தூசி படிந்து கிடந்தது. சில ஊர்களில் ஊற்று கலங்கியது, சில ஊர்களில் வற்றியது. தண்ணீர் எடுக்க இன்னும் தூரம் நடந்தவர்கள் பெண்கள். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2018இல் வெளியிட்ட அறிக்கை இவற்றை ஊர் ஊராகப் பதிவு செய்தது. 2019இல் சங்கரெடியைச் சுற்றிய 13 ஊர்கள், கினி பாக்சைட் கம்பெனிக்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழுமத்தின் நிதிக்கழகத்துக்கு எதிராக அதன் முறையீட்டு அமைப்பிடம் மனுக் கொடுத்தன. போவாலில் நிலப்பட்டா என்பது காகிதத்தில் இல்லை. யார் தாத்தா எங்கே பயிர் செய்தார் என்ற நினைவில்தான் இருக்கிறது. காகிதத்தில் இல்லாததற்கு இழப்பீடு கணக்கிடும்போது என்ன நடக்கும் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2011இல் இயற்றி 2013இல் திருத்திய சுரங்கச் சட்டம், சுரங்க நிறுவனங்களில் அரசுக்கு விலையில்லாமல் 15 விழுக்காடு பங்கு உண்டு என்கிறது. பாக்சைட், இரும்புச் சுரங்கங்கள் தம் விற்றுவரவில் அரை விழுக்காட்டை அந்த வட்டார ஊராட்சிகளுக்குத் தர வேண்டும். மற்றக் கனிமங்களுக்கு ஒரு விழுக்காடு. 2022இல் அரசு பாக்சைட்டுக்குத் தன் அடிப்படை விலையை அறிவித்தது. நிறுவனங்கள் தம் சொந்தத் துணை நிறுவனத்துக்கே குறைந்த விலையில் விற்றதாகக் காட்டி வரியைக் குறைப்பதைத் தடுக்கவே இது. வெளியில் அதிகம் பேசப்படாத இந்த நடவடிக்கையை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். எந்த விலைக்கு விற்றோம் என்று விற்பவரே சொல்லிக்கொண்டிருக்கும் வரை, எத்தனை விழுக்காடு வரி என்ற பேச்சுக்குப் பெரிய பொருள் இல்லை.

2021 செப்டம்பர் 5இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மமாடி டூம்பூயா தலைமையிலான அரசு 2022 ஏப்ரலில் பாக்சைட் நிறுவனங்களை அழைத்து, உள்ளூரில் அலுமினா ஆலை கட்டும் திட்டத்தை மே மாத இறுதிக்குள் தரச் சொன்னது. ஆலை பற்றிய வாக்குறுதிகள் ஒப்பந்தங்களில் முன்பே இருந்தன, நிறைவேறாமல். அபுதாபி, துபாய் அரசுகளுக்குச் சொந்தமான எமிரேட்ஸ் குளோபல் அலுமினியத்தின் கினித் துணை நிறுவனம் 2019இல் ஏற்றுமதி தொடங்கியது. அலுமினா ஆலை வராததால் எழுந்த பூசலில் 2024 அக்டோபரில் அதன் ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. 2025இல் உரிமத்தை ரத்து செய்து, நிம்பா சுரங்க நிறுவனம் என்ற புதிய அரசு நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் சொன்னதைச் செய் என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உரிமம் கைமாறியதால் மட்டும் அலுமினா வந்துவிடாது. புதிய நிறுவனமும் மண்ணையே கப்பலேற்றினால், கையெழுத்து மட்டுமே மாறியிருக்கும்.

சீன அரசு மின் நிறுவனம் ஒன்று 2025 மார்ச்சில் போஃபா வட்டாரத்தில் ஆண்டுக்கு 12 லட்சம் டன் அலுமினா ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறது. நல்ல தொடக்கம். அளவையும் பார்க்க வேண்டும்: 12 லட்சம் டன் அலுமினாவுக்குச் சுமார் 30 லட்சம் டன் பாக்சைட் போதும். 2024இன் ஏற்றுமதியில் அது இரண்டு விழுக்காடு. இன்னும் ஐந்தாறு ஆலைகள் வந்தாலும் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட மண்ணாகவே போகும். அலுமினியம் உருக்குவது இன்னும் தொலைவு. ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் உருக்கும் ஆலை இடைவிடாமல் 800 மெகாவாட் கேட்கும். கலேட்டாவும் சுவாபிட்டியும் மழைக்காலத்தில் முழு வீச்சில் ஓடினாலும் 690தான். வீடுகளை இருட்டில் வைத்து ஆலைக்கு மின்சாரம் கொடுக்கும் முடிவை எந்த அரசும் எடுக்கக்கூடாது. அலுமினா ஆலைக்கோ வேண்டியது முதன்மையாக வெப்பம். அதனால் அடுத்த பத்தாண்டில் கைக்கெட்டும் தொழில் வாய்ப்பு அலுமினாதான். அதோடு செஞ்சேறும் வரும். காரம் நிறைந்த அந்தக் கழிவைக் கனமழை பொழியும் இந்தக் கடலோரத்தில் எங்கே, எப்படித் தேக்குவது என்பதை ஆலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பேரம் பேசும் பலம் கினிக்கு இருக்கிறது. ஷான்டோங் ஆலைகள் கினி மண்ணை நம்பி நிற்கின்றன. எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏற்றுமதி நின்ற 2024இன் இறுதியில் உலக அலுமினா விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தோனேசியாவின் தடையால் கினி பயன்பெற்றது போலவே, கினியின் தடையால் இன்னொரு நாடு பயன்பெறலாம். ஆஸ்திரேலியா எப்போதும் சீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கினி மண் தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றி ஒன்றரை மாதம் போக வேண்டும்.

இனி இரும்பு. சிமாண்டு மலைத்தொடர் நாட்டின் தென்கிழக்கில் 110 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. 65 விழுக்காட்டுக்கு மேல் இரும்பு கொண்ட தாது அங்கே இருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ரியோ டின்டோ 1997இல் அங்கே ஆய்வு உரிமம் பெற்றது. 2008இல் லான்சானா கோன்ட்டேயின் அரசு மலையின் வடபாதியைப் பறித்து, அவர் இறப்பதற்குச் சில நாள் முன் தொழிலதிபர் பெனி ஸ்டெய்ன்மெட்ஸின் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்த நிறுவனம் 2010இல் 51 விழுக்காட்டை பிரேசிலின் வாலேவுக்கு 250 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தமிட்டது. அதில் 50 கோடி உடனே கைமாறியது. லஞ்சத்தால் பெற்ற உரிமம் என்று கூறி ஆல்ஃபா கோண்டேயின் அரசு 2014இல் அதை ரத்து செய்தது. 2021 ஜனவரியில் ஜெனீவா நீதிமன்றம் ஸ்டெய்ன்மெட்ஸுக்கு ஐந்தாண்டு சிறை விதித்தது. 2023 மேல்முறையீட்டில் அது மூன்றாண்டானது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ரியோ டின்டோவும் சிக்கல் இல்லாமல் தப்பவில்லை. ஒரு ஆலோசகருக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் கொடுத்த விவகாரத்தில், 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

இவ்வளவு வழக்குகளிலும் மலையிலிருந்து ஒரு டன் தாது நகரவில்லை. தாது தரமானது என்பதை மறுத்தவர் இல்லை. மலை கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருந்ததுதான் பிரச்சினை. லைபீரியா வழியாகப் போனால் பாதை குறுகும், செலவும் குறையும். கினி அரசுகள் பெரும்பாலும் அதை மறுத்தன: பாதை நம் நாட்டுக்குள்ளேயே ஓட வேண்டும், துறைமுகம் நம் கரையில் வேண்டும். ஆட்சி மாறினாலும் திரும்பத் திரும்ப எழுந்த கோரிக்கை இது. பிடிவாதம் என்று முதலீட்டாளர்கள் சலித்துக்கொண்டார்கள். இந்தப் பிடிவாதம் சரியானதென்றே நினைக்கிறேன். தாது தீரும், பாதை இருக்கும்.

கடைசியில் மலை இரண்டு கைகளுக்குப் போனது. வட பகுதி வின்னிங் தலைமையிலான கூட்டமைப்புக்கும், தென் பகுதி ரியோ டின்டோவும் சீன நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்புக்கும். இரண்டிலும், ரயில்பாதையிலும் துறைமுகத்திலும் கினி அரசுக்கு 15 விழுக்காடு. மொத்தச் செலவு 2,000 கோடி டாலருக்கு மேல். 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை, ஃபோரெக்காரியா கரையில் மொரேபாயா துறைமுகம். 2025 நவம்பர் 11இல் திறப்பு விழா. அடுத்த மாதம் முதல் கப்பல் சீனாவுக்குப் புறப்பட்டது. முழு அளவில் ஓடினால் ஆண்டுக்கு 12 கோடி டன். கட்டுமானத்தில் பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். சிலர் அதில் உயிரிழந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஒரு சாவுக்குப் பின் தென் பகுதிச் சுரங்கத்தில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. பாதை போட்டு முடிந்தபின் சுரங்கத்தையும் ரயிலையும் ஓட்ட அதில் ஒரு சிறு பங்கு ஆட்களே போதும். மிச்சப் பேர் வெல்டிங், கான்கிரீட், கனரக வண்டி ஓட்டுதல் என்று கற்ற கைத்தொழிலோடு ஊர் திரும்புகிறார்கள். அந்தத் தொழிலுக்கு ஊரில் வேலை இல்லையென்றால் இத்தனை ஆண்டுப் பயிற்சியும் வீண்.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்குரியது. சிகிரி வட்டாரத்துப் பூரே வயல்களின் தங்கம் மாலிப் பேரரசைச் செழிக்க வைத்தது. 1324இல் மன்சா மூசா கெய்ரோவில் அள்ளி இறைத்த பொன்னில் இந்த மண்ணின் பங்கும் உண்டு. இன்றும் சிகிரியில் பெரிய நிறுவனச் சுரங்கத்தின் வேலிக்கு அப்பால், மண்வெட்டியும் கிணறு போன்ற குழியுமாக ஏராளமானோர் பொன் தேடுகிறார்கள். பாதரசத்தில் கையை நனைத்துப் பிரிக்கும் அந்த மக்களுக்குப் பாதுகாப்பான கருவியும் நேர்மையான விலை கொடுக்கும் கொள்முதல் நிலையமும் கிடைத்தால், அந்தப் பணம் வேறெங்கும் போகாமல் நேரே அவர்கள் வீட்டுக்கே போகும்.

ரயிலுக்குத் திரும்புகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் கொனாக்ரியிலிருந்து கான்கான் வரை போட்ட பாதை 1914இல் முடிந்தது, 662 கிலோமீட்டர். வாழைப்பழமும் மனிதர்களும் போன பாதை. 1990களோடு அது ஓய்ந்தது. பல இடங்களில் தண்டவாளம் புல்லுக்குள் புதைந்துவிட்டது. மாமு வட்டாரத்தைப் பழைய தடமும் தொட்டது, புதிய தடமும் தொடுகிறது. சிமாண்டுப் பாதை தாதுவுக்கு மட்டுமல்ல, பயணிகளுக்கும் பிற சரக்குக்கும் இடம் விட வேண்டும் என்பது அரசு கேட்டு வாங்கிய நிபந்தனை. 35 ஆண்டுக்குப் பின் பாதையும் துறைமுகமும் அரசிடம் வரும். கம்சார் பாதையில் மூன்று நிறுவனங்கள் ஒரே தண்டவாளத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதால், பகிர்வது முடியாத காரியம் இல்லை என்று கினிக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் தாது வண்டிகளுக்கு நடுவே நெல் ஏற்றிய வண்டிக்கு எந்த நேரத்தில் வழி விடுவது, வழியிலுள்ள கிஸ்ஸிடூகுவில் நிலையம் எங்கே, கிடங்கு எங்கே, வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் யாரேனும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். கினியின் காட்டுப்பகுதியில் நெல்லும் காபியும் பனை எண்ணெயும் விளைகின்றன. கொனாக்ரியோ கடல் கடந்து வரும் அரிசியை வாங்கி உண்கிறது. மலையிலிருந்து இரும்பு நிறைந்து இறங்கும் வண்டிகள், கரையில் கொட்டிவிட்டு, வெறும் பெட்டிகளாக அதே ஊர்களைக் கடந்து திரும்பிப் போகின்றன.